மெக்சிகோ வம்சாவளியில் சொந்தத்துக்குள் நடந்த கல்யாணம்: தேவாலய ஆவணங்களில் தேடும் வழி

என் கணவர் வீட்டார் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்து மேட்டுநிலப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பக்கம், அதை ஒட்டிய தென் சகாதேகாஸ், வடக்கே நுவேவோ லியோன் என்று எங்கே போனாலும் சரி, நாலைந்து தலைமுறை பின்னால் போனதும் அதே குடும்பப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா இருப்பார். புதிதாகத் தேட வருகிறவர்கள் இந்த இடத்தில் மிரண்டு, எங்கேயோ தப்பாகக் கோத்துவிட்டோம் என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

கலைக்காதீர்கள். அங்கே சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் கத்தோலிக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். அனுமதிக்கு மனு, சாட்சிகள், வம்ச வரைபடம் எல்லாம் வேண்டும். அசலில் கல்யாணம் செய்தவர்களைப் பற்றிப் பதிவேட்டில் சில வரிதான் இருக்கும். சொந்தத்தில் செய்தவர்களுக்கோ தனிக் கோப்பே இருக்கும், அதில் நாலு தலைமுறைப் பெயர்கள் ஒரே பக்கத்தில் கிடைக்கும். அதனால் உறவுக்குள் நடந்த கல்யாணம் ஒன்று கண்ணில் பட்டால், மற்ற கிளைகளை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைப் பிடியுங்கள்.

மெக்சிகோக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்தவர்களுக்கும், அந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கும், யாருக்காவது வம்சாவளி தேடித் தருகிறவர்களுக்கும் இது உதவும். அரைகுறை ஸ்பானிஷ் இருந்தால் போதும். திரும்பத் திரும்ப வரும் முப்பது நாற்பது சொற்கள்தான் எல்லாம்.

1. முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள், பிறகு பங்கை

"மெக்சிகோவிலிருந்து வந்தார்கள்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "ஹலிஸ்கோ" என்பதும் போதாது. ஊர்ப் பெயர் வேண்டும், அந்த ஊர் எந்தத் தேவாலயப் பங்கில் இருந்தது என்பதும் வேண்டும். பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருக்கும் ஊர்கள்.

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் என்றால் ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதத்தில்தான் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எல் பாசோ, லரேதோ போன்ற எல்லைச் சாவடிகளில் எழுதிய நுழைவு அட்டைகளில் பிறந்த ஊரும், மெக்சிகோவில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் வரும். குடியுரிமை மனுக்களிலும் ஊர் இருக்கும். அப்புறம் வீட்டுப் பெட்டியைக் கேளுங்கள். ஞானஸ்நானச் சான்று, இறந்தவர் நினைவாக அச்சிட்ட சிறு படங்கள், பழைய கடித உறைகள். மாமியார், பெரிய மாமியார் யாராவது இருந்தால் "தாத்தா எந்த ராஞ்சோ?" என்று கேளுங்கள். ராஞ்சோ என்பது நம் பக்கத்துப் பட்டி, குக்கிராமம் மாதிரி. ராஞ்சோவின் பெயர் கிடைத்தால் அது எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று தேடிவிடலாம்.

பங்குகள் காலப்போக்கில் பிரிந்தன. சான் மிகெல் எல் ஆல்தோ ஊர்க்காரர்களின் பழைய பதிவுகள் ஹலோஸ்தோதித்லான் பங்கின் ஏடுகளில்தான் இருக்கும். இன்றைய ஊர்ப் பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் தாய்ப் பங்கைப் பாருங்கள்.

அதற்கும் மேலே மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் கீழ் வரும் பங்குகள் எல்லாம் சேர்ந்த பகுதி. கல்யாண அனுமதிக் கோப்பு ஆயரிடம் போகும் என்பதால் இது முக்கியம். இன்றைய மாநில எல்லையை நம்பாதீர்கள். தென் சகாதேகாஸும் அகுவாஸ்காலியேந்தேஸும் நெடுங்காலம் ஹலிஸ்கோவின் தலைநகரான குவாதலஹாரா ஆயரின் கீழ் இருந்தன. சகாதேகாஸ் தனி மறைமாவட்டமானது 1863-ல்தான், அகுவாஸ்காலியேந்தேஸ் 1899-ல். நுவேவோ லியோன் பக்கமும் 1777-ல் லினாரெஸ் மறைமாவட்டம் உருவாகும் வரை குவாதலஹாராதான். ஆக, நுவேவோ லியோனில் இருக்கும் மோன்தெரெய் ஊர்க்காரரின் 1750ஆம் வருடத்துக் கோப்பை மோன்தெரெயில் தேடிப் பயனில்லை. இன்று அமெரிக்காவில் இருக்கும் நியூ மெக்சிகோ அந்தக் காலத்தில் துராங்கோ ஆயரின் கீழ்.

2. கணக்கு தொடங்குதல், படங்களைத் திறத்தல்

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். மெக்சிகோவின் தேவாலய ஏடுகளில் பெரும்பகுதியைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பணம் கட்டும் தளங்களுக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை. வேண்டுமென்றால் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் அவற்றுக்கு உறுப்பினர் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், பல நூலகங்களில் இருக்கிறது.

சில படங்களின் மேல் பூட்டு மாதிரி ஒரு குறி இருக்கும், வீட்டிலிருந்து திறக்காது. அவற்றில் பலவற்றை ஃபேமிலிசர்ச் மையத்திலோ அதோடு இணைந்த நூலகத்திலோ போய் உட்கார்ந்தால் இலவசமாகப் பார்க்கலாம். போகும் முன் பூட்டிய படங்களின் எண்களை எல்லாம் பட்டியல் போட்டு எடுத்துப் போங்கள். அங்கே போய்த் தேட ஆரம்பித்தால் மையம் மூடும் நேரம் வந்துவிடும்.

பெயர் போட்டுத் தேடும் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். ஞானஸ்நானமும் கல்யாணமும் ஓரளவு பட்டியலாகியிருக்கின்றன, அனுமதிக் கோப்புகளில் பெரும்பாலானவை பட்டியலில் வராது. அவற்றுக்குத் தளத்தின் நூற்பட்டியல் பகுதிக்குப் போய், இடப் பெயர் கொடுத்து, தேவாலயப் பதிவுகள் என்ற தலைப்பைத் திறந்து, வருடம் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கையெழுத்தை இயந்திரமே படித்துத் தேடித் தரும் வசதி 2024-லிருந்து இருக்கிறது. அதையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். குடும்பப் பெயரோடு ராஞ்சோவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் குப்பை குறையும்.

3. அரசுப் பதிவிலிருந்து பின்னோக்கி நடங்கள்

மெக்சிகோவில் அரசுப் பதிவு முறை 1859ஆம் வருடச் சட்டத்தோடு வருகிறது. பல ஊர்களில் 1860களின் நடுவில்தான் ஏடுகள் ஒழுங்காகத் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் தேவாலய ஏடு மட்டும்தான்.

அரசுப் பிறப்புப் பதிவுகளில் தாத்தா பாட்டி நால்வர் பெயரும் இருக்கும் வழக்கம் உண்டு. இது நமக்கு வசதி. நாலு பெயரில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை வந்தால் ஓரத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலே உறவு என்று முடிவு கட்டவும் கூடாது. ஒரு சிற்றூரில் பாதிப் பேர் ஒரே பெயரில் இருப்பார்கள், அதில் பாதிப் பேருக்குள் கொடுக்கல் வாங்கலே இருக்காது.

தம்பதிக்கு இரண்டு கல்யாணத் தேதி கிடைத்தால் குழம்பாதீர்கள். தேவாலயத்தில் ஒன்று, அரசு அலுவலகத்தில் ஒன்று. சில சமயம் இரண்டுக்கும் இடையே வருடக்கணக்கில் இடைவெளி இருக்கும். தேவாலயத் தேதிதான் நமக்கு வேண்டியது, ஏனென்றால் ஒன்றுவிட்டவர்கள் கல்யாணம் செய்துகொள்ள அரசுச் சட்டத்தில் தடையில்லை. அரசுப் பதிவில் உறவைப் பற்றி மூச்சே இருக்காது.

முத்திரை போட்ட சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டுமா? குடும்ப வரலாறு மட்டும்தான் நோக்கம் என்றால் வேண்டாம், படமே போதும். குடியுரிமை, சொத்து என்று ஏதாவது இருந்தால்தான் சான்றிதழ். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். "பழைய பதிவு எடுத்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவர்களிடம், கேட்கும் பதிவு ஏற்கெனவே இலவசமாக இணையத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். எங்களிடம் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியது ஃபேமிலிசர்ச் படத்தின் அச்சுப் பிரதிதான்.

4. கல்யாணப் பதிவில் ஒரு சொல்லைத் தேடுங்கள்

தேவாலயக் கல்யாணப் பதிவு ஒரே பத்தியாக இருக்கும். தேதி, பங்குத்தந்தை, மாப்பிள்ளை பெயர், ஊர், பெற்றோர், பெண் பெயர், ஊர், பெற்றோர், மூன்று முறை ஓலை வாசித்தது (கல்யாணம் நடக்கப் போவதைத் தேவாலயத்தில் முன்கூட்டி அறிவிப்பது), சாட்சிகள். இதற்கு நடுவில் "திஸ்பென்சாதோஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "தெர்செர் க்ராதோ தே கொன்சாங்கினிதாத்" என்று தொடர்ந்தால் புதையல். மூன்றாம் படி இரத்த உறவுக்கு விலக்கு, அதாவது ஆயரின் அனுமதி, கிடைத்தது என்று அர்த்தம். படிக் கணக்கு அடுத்த பகுதியில் வருகிறது.

ஆனால் விலக்கு என்ற சொல் வந்த இடமெல்லாம் உறவு இல்லை. ஓலை வாசிப்பதிலிருந்தும் விலக்கு வாங்குவார்கள். மூன்று ஞாயிறு காத்திருக்க முடியாதவர்கள், காதும் காதும் வைத்தாற்போல முடிக்க நினைத்தவர்கள் கேட்பது அது. "பானாஸ்" அல்லது "அமோனெஸ்தாசியோனேஸ்" என்று பக்கத்தில் இருந்தால் இந்த வகை. ப என்ற ஒலிக்கு b, v இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள், அதனால் பானாஸ் இரண்டு விதமாக எழுதியிருக்கும். இதை உறவு என்று எடுத்துக்கொண்டு பல மரங்களில் இல்லாத சொந்தத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது "அஃபினிதாத்". இது கல்யாணத்தால் வந்த உறவு, இரத்த உறவு கிடையாது. மனைவியை இழந்தவர் அவளுடைய தங்கையையோ சித்தப்பா மகளையோ கட்டிக்கொண்டால் இதற்கும் விலக்கு வேண்டும். கல்யாணம் ஆகாமல் நடந்த தொடர்பாலும் இந்த உறவு வரும் என்பது அன்றைய சட்டம். மாப்பிள்ளைக்கும் பெண்ணின் நெருங்கிய உறவுக்காரி ஒருத்திக்கும் முன்பு பழக்கம் இருந்தால் அதையும் ஆயரிடம் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி எழுதிய மனுக்கள் நிறையவே இருக்கின்றன. குடும்பக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டும் முன் நீங்கள் தனியாக ஒரு முறை படித்துவிடுங்கள். ஞானப்பெற்றோர் உறவுக்கும் தடை உண்டு. "எஸ்பிரிதுவால்" என்று இருந்தால் அது.

5. படிகளை எண்ணப் பழகுங்கள்

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இருவருக்கும் பொதுவான முன்னோர்த் தம்பதியை உச்சியில் வையுங்கள். அவர்களை எண்ணக் கூடாது. அவர்களுடைய பிள்ளைகள், அதாவது உடன்பிறந்தவர்கள், முதல் படி. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இரண்டாம் படி. இவர்களுக்குத் தாத்தா பாட்டி பொது, ஏட்டில் "ப்ரீமோஸ் எர்மானோஸ்" என்று இருக்கும். அதற்கடுத்தவர்கள் மூன்றாம் படி, கொள்ளுத்தாத்தா பொது. அதற்கும் அடுத்தவர்கள் நான்காம் படி, எள்ளுத்தாத்தா பொது. நான்காம் படி வரைக்கும் அனுமதி வேண்டும் என்பதுதான் பழைய சட்டம். 1918-ல் புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததும் மூன்றாம் படியோடு நின்றது. அதற்குப் பிந்திய கல்யாணத்தில் நான்காம் படி உறவுக்குக் கோப்பு தேடாதீர்கள்.

இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் "செகுந்தோ கொன் தெர்செரோ" என்று வரும். ஒரு பக்கம் இரண்டு படி, மறுபக்கம் மூன்று. தன் சித்தப்பா மகனுடைய பெண்ணைக் கட்டியவர் இந்த வகை. எந்தப் பக்கம் நீளம் என்று இந்தச் சொற்றொடர் சொல்லாது, அதற்குக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அரசுச் சட்டத்தின் கணக்கு வேறு. அதில் ஒருவரிடமிருந்து பொது முன்னோர் வரை மேலே ஏறி, மறுபக்கம் இறங்கி, எல்லாப் படியையும் கூட்டுவார்கள். தாத்தா பொதுவானவர்கள் தேவாலயக் கணக்கில் இரண்டாம் படி, அரசுக் கணக்கில் நான்காம் படி. இணையத்தில் கிடைக்கும் உறவு அட்டவணைகளில் பல அரசுக் கணக்கில் இருப்பவை. அவற்றை வைத்துக்கொண்டு 18ஆம் நூற்றாண்டு ஏட்டைப் படித்தால் இரண்டு தலைமுறை பிசகும்.

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு என்று ஒரு தனிப் பொறி இருக்கிறது. நமக்கு மாமன் மகள், அத்தை மகள் முறை உண்டு, சித்தப்பா பெரியப்பா மகள் தங்கை அக்கா. மெக்சிகோவில் அந்த வேறுபாடே இல்லை, நால்வரும் ஒன்றுதான். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் கல்யாணம் ஆகியிருக்கும், அக்கா தங்கை பிள்ளைகளுக்குள்ளும் ஆகியிருக்கும். "இப்படி இருக்க வாய்ப்பே இல்லை" என்று நம் மனது சொல்லும். ஏடு சொல்வதைக் கேளுங்கள். தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவதோ அங்கே அரிது, தேவாலயத்தில் அதற்கு அனுமதி வாங்குவதும் கடினம். நமக்குச் சகஜமாகப் படுவதால் அந்த மாதிரி இணைப்பு உங்கள் மரத்தில் வந்தால் இன்னொரு முறை சரிபாருங்கள்.

இன்னொன்று. தம்பதி "இந்தியோ", அதாவது பூர்வகுடி, என்று எழுதப்பட்டிருந்தால் மூன்றாம் நான்காம் படி உறவுக்குக் கோப்பு இருக்காது. 1537-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அவர்களுக்கு அந்தத் தடையைத் தளர்த்திவிட்டார். கோப்பு இல்லாததால் உறவு இல்லை என்று ஆகாது. சாதி வகையை ஏட்டில் எழுதும் வழக்கத்துக்கு 1822ஆம் வருட ஆணை முடிவு கட்டியது. அதற்குப் பிந்திய ஏடு என்றால் பெற்றோரின் பழைய பதிவில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் ஒரு ஏட்டில் மெஸ்தீசோ (கலப்பினத்தவர்), இன்னொன்றில் எஸ்பன்யோல் (ஸ்பானியர்) என்று இருப்பதும் சாதாரணம், எழுதிய குருவின் கண்ணுக்குத் தெரிந்ததுதான் வகை.

6. கோப்பைத் தேடி எடுங்கள்

கல்யாணத் தேதி தெரியும், மறைமாவட்டம் தெரியும். இனிக் கோப்பு. இரண்டு இடத்தில் இருக்கலாம். பங்கிலேயே "இன்ஃபொர்மாசியோன் மத்ரிமோனியால்" என்ற தொகுதியில் ஒன்று, ஆயரகத்தில் "திஸ்பென்சாஸ்" என்ற தொகுதியில் ஒன்று. முதலில் பங்கின் தொகுதியைப் பாருங்கள், பக்கம் குறைவு, சீக்கிரம் முடியும். அங்கே உறவு வரைபடம் இல்லாவிட்டால் ஆயரகத் தொகுதிக்குப் போங்கள். குவாதலஹாரா ஆயரகத் தொகுதிகள் ஃபேமிலிசர்ச் நூற்பட்டியலில் குவாதலஹாரா நகரின் பெயருக்குக் கீழ் கிடைக்கும், உங்கள் ஊரின் பெயருக்குக் கீழ் கிடைக்காது. மிச்சோவகான் மறைமாவட்டத்துக்கு மொரேலியாவில் காசா தே மொரேலோஸ் ஆவணக் காப்பகம். துராங்கோ பேராயரகத்தின் ஏடுகளை நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் நுண்படச் சுருள்களாக எடுத்து லாஸ் குருசேஸில் வைத்திருக்கிறது. மெக்சிகோ நகரத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கல்யாணக் கோப்புகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

எந்தத் தேதியிலிருந்து புரட்டுவது? கல்யாணத்துக்கு முன்னால்தான் அனுமதி, ஆகவே பின்னோக்கிப் போங்கள். தூதர் குதிரையில் போய் வர வேண்டும், சாட்சிகளை விசாரிக்க வேண்டும், திரும்ப வந்து ஓலை வாசிக்க வேண்டும். சில வாரத்திலும் முடியும், பல மாதமும் இழுக்கும். கல்யாணத் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்து தொடங்கினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் கல்யாணத்துக்குப் பிந்திய வருடங்களையும் பாருங்கள். தாலி கட்டியபின் உறவு தெரியவந்து, அனுமதி வாங்கிக் கல்யாணத்தைச் செல்லுபடியாக்கிய கோப்புகள் உண்டு. "ரெவாலிதாசியோன்" என்று தலைப்பு இருக்கும்.

கோப்புக்குள் வழக்கமாக இந்த வரிசை. மாப்பிள்ளையின் மனு, அதில் உறவு எந்தப் படி என்ற ஒப்புதல், ஏன் இந்தப் பெண்தான் வேண்டும் என்பதற்குக் காரணங்கள், வரைபடம், சாட்சிகளின் வாக்குமூலம், பெண்ணின் சம்மதம், ஆயரின் முடிவு. மாப்பிள்ளையை "ப்ரெதெந்தியேந்தே" என்றும் பெண்ணை "ப்ரெதென்சா" என்றும் எழுதுவார்கள்.

காரணங்களை அப்படியே நம்ப வேண்டாம், அது அந்தக் காலத்து மனு எழுத்தரின் பாணி. ஊர் சின்னது, எல்லோரும் சொந்தக்காரர்கள், வேறு வரன் இல்லை. பெண்ணுக்கு இருபத்துநாலு வயது தாண்டிவிட்டது. தகப்பன் ஏழை, சீதனம் இல்லை. பெண் அனாதை. இருவருக்கும் தொடர்பாகிவிட்டது, விட்டால் அவள் பெயர் கெடும். இவை திருச்சபை ஏற்கும் காரணங்களாகப் பட்டியலில் இருந்தவை, அதனால் மனுவுக்கு மனு அதே வாசகம்தான். ஆனால் வயது, அனாதையா இல்லையா, தகப்பன் இருக்கிறாரா போன்றவை தேடலுக்கு உதவும் செய்திகள்.

வரைபடத்துக்குப் பெயர் "ஆர்போல்", மரம். உச்சியில் நடுவில் ஒரு வட்டம், அதில் "ட்ரோங்கோ" என்று எழுதிப் பொது முன்னோரின் பெயர். அங்கிருந்து இரண்டு கோடு இறங்கும், ஒன்று மாப்பிள்ளை பக்கம், ஒன்று பெண் பக்கம். ஒவ்வொரு தளத்திலும் எதிரெதிரே இரண்டு பெயர், நடுவில் உறவு: எர்மானோஸ் (உடன்பிறந்தவர்கள்), ப்ரீமோஸ் எர்மானோஸ் (தாத்தா பாட்டி பொது), ப்ரீமோஸ் செகுந்தோஸ் (கொள்ளுத்தாத்தா பொது). கடைசித் தளத்தில் கல்யாண ஜோடி. பின்பக்கத்து மை ஊறி வந்து பாதிப் பெயரை மறைத்திருக்கும் பக்கங்களில் பதற வேண்டாம். அதே பெயர்கள் மனுவிலும் சாட்சி வாக்குமூலத்திலும் வார்த்தைகளாக வந்திருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் விடுபட்டது கிடைக்கும். ஒரே ஜோடிக்கு இரண்டு மூன்று மரம் இருந்தால் கொண்டாடுங்கள், அவர்களுக்கு இரண்டு மூன்று வழியில் உறவு.

ஆயரின் முடிவில் அனுமதியோடு ஒரு தவமும் இருக்கும். பாவசங்கீர்த்தனம், முழங்காலில் நின்று ஜெபமாலை, தேவாலயத்துக்கு மாப்பிள்ளை சில நாள் உடலுழைப்பு என்று. மரத்துக்கு இது தேவையில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பது இந்தப் பகுதியைத்தான்.

கையெழுத்துக்கு ஒரு வார்த்தை. மரியா, ஃப்ரான்சிஸ்கோ போன்ற பெயர்களை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கி, கடைசி எழுத்தை மேலே தூக்கி எழுதுவார்கள். அதே குருவின் ஏட்டில் தெளிவாக எழுதிய பக்கம் ஒன்றைப் பிடித்து எழுத்துகளைப் பழகிக்கொண்டு பிறகு உங்கள் பக்கத்துக்கு வாருங்கள்.

7. மரத்தை ஞானஸ்நானத்தோடு ஒத்துப் பாருங்கள்

ஆர்போல் ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்திலிருந்து வரைந்தது. கீழே இருக்கும் இரண்டு தளம் பெரும்பாலும் சரியாக இருக்கும். மேலே போகப் போகத் தலைமுறை ஒன்று விடுபடலாம், அண்ணன் தம்பி மாறலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு இரண்டையும் தேடிப் பாருங்கள். கிடைக்காதவருக்கு "ஆர்போல் மட்டும்" என்று குறிப்பு எழுதுங்கள். சாட்சிகளின் வயது எல்லாம் உத்தேசம், முப்பது, நாற்பது என்று உருட்டித்தான் சொல்லியிருப்பார்கள்.

அஃபினிதாத் கோப்பில் மட்டும் கூடுதல் கவனம். மனைவியை இழந்தவரின் கோப்பு என்றால் அங்கே வரையும் மரம் இறந்துபோன முதல் மனைவிக்கும் புதுப்பெண்ணுக்கும் உள்ள உறவு. மாப்பிள்ளையின் முன்னோர் அதில் இருக்க மாட்டார்கள். அவசரத்தில் அந்தப் பெயர்களை மாப்பிள்ளை பக்கம் ஒட்டினால் அதற்கு மேலே உள்ள எல்லாமே வேறொருவர் வீட்டு வம்சமாகிவிடும்.

8. மரபணுச் சோதனை வேண்டுமா?

ஏட்டில் வழி அடைத்துக்கொண்டால் மட்டும் செய்யுங்கள், காசு செலவாகும் ஒரே பெரிய இனம் இதுதான். தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருந்து, வீட்டில் வயதில் மூத்தவருக்கு முதலில் எடுங்கள். எடுப்பவரின் சம்மதம் கேட்காமல் செய்யாதீர்கள்.

முடிவுக் கோப்பை ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினால், பெற்றோர் இருவரும் உறவா என்று சோதிக்கும் இலவசக் கருவி இருக்கிறது. தாத்தா பாட்டி பொதுவான ஜோடியின் பிள்ளைக்கு மரபணுவில் சராசரியாக 6.25 சதவீதம், அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் ஒன்றாக இருக்கும். கொள்ளுத்தாத்தா பொது என்றால் 1.56 சதவீதம். இவை சராசரி, ஆளுக்கு ஆள் கூடும் குறையும். நான்காம் படி உறவு இதில் தெரியாமலே போகலாம்.

மேட்டுநிலக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொடுத்து எடுத்ததால், தூரத்து உறவினர்கூட நெருங்கியவர் மாதிரி பட்டியலின் மேலே வந்து நிற்பார். சோதனை நிறுவனம் "இரண்டுவிட்ட சகோதரர்" என்று ஊகித்தால் அதைவிட ஒன்றிரண்டு தலைமுறை தள்ளியே தேட ஆரம்பியுங்கள்.

9. மரத்தில் பதிவது

ஒரே முன்னோர் இரண்டு இடத்தில் வருவார். அவரை இரண்டு தனி ஆளாகப் பதியாதீர்கள், ஒரே பதிவுக்கு இரண்டு வழியாகக் கோடு இழுங்கள். தாத்தா பாட்டி பொதுவான ஜோடியின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் எட்டுப் பேர் இருக்க மாட்டார்கள், ஆறு பேர்தான். எண்ணிக்கை குறைந்தால் மென்பொருள் பிழை என்று நினைக்க வேண்டாம். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் சரியாகக் கையாளும், கோப்பும் உங்கள் கணினியிலேயே இருக்கும்.

ஃபேமிலிசர்ச்சின் பொது மரத்தில் யாரும் யாருடைய பதிவையும் மாற்றலாம். அண்ணன் பேத்தியும் தம்பி பேத்தியும் ஒரே பெயரில் ஒரே வருடத்தில் பிறந்திருப்பார்கள், யாரோ ஒருவர் இருவரையும் ஒரே ஆள் என்று இணைத்துவிடுவார். அதனால் முதன்மைப் பிரதியை உங்கள் கணினியில் வையுங்கள், பொது மரத்தில் ஏற்றும்போது கோப்பின் படத்தையும் ஆதாரமாக இணையுங்கள். படத்தைச் சேமிக்கும்போதே பங்கு, தொகுதியின் பெயர், வருடம், படத்தின் எண் நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். வெறும் எண்ணோடு இறக்கி வைத்த படம் எந்த ஊருடையது என்று மறு வருடம் உங்களுக்கே தெரியாது.